அப்பா கால் கட்டில் பச்சை நிறம்: கிருமிகள் ‘பேசிக்கொள்ளும்’ என்பது உண்மையா?

கெடிலக்கரை, கடலூர்

வணக்கம். மஞ்சக்குப்பத்திலிருந்து எழுதுகிறேன். அப்பாவுக்கு 67 வயது, சுகர் வந்து 18 வருடம் ஆகிறது. மூன்று மாதமாக வலது உள்ளங்காலில் ஒரு புண். ஐந்து ரூபாய் நாணயம் அளவில் இருந்தது, இப்போது அதைவிடக் கொஞ்சம் பெரிது. புண்ணிலிருந்து எடுத்து வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் சோதனையில் சூடோமோனாஸ் ஏருஜினோசா என்ற கிருமி என்று வந்தது. எந்த மருந்து கேட்கும், எது கேட்காது என்ற பட்டியலில் நான்கு மருந்துகளுக்கு நேரே ‘கேட்கும்’ என்றே இருந்தது. அதில் ஒன்றைப் பத்து நாள் ஊசியாகப் போட்டார்கள். காய்ச்சல் நின்றது. புண் அப்படியே இருக்கிறது. கட்டைப் பிரித்தால் பஞ்சில் இளம்பச்சை நிறம், ஒரு மாதிரி இனிப்பு வாடை.

தாளில் கேட்கும் என்று போட்டிருக்கிறதே, பிறகு ஏன் ஆறவில்லை என்று டாக்டரிடம் கேட்டேன். வெளியே நாற்பது பேர் டோக்கனோடு காத்திருந்தார்கள். “கிருமி எல்லாம் கூடிப் பேசிப் படலம் கட்டிடுச்சும்மா” என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். வீட்டுக்கு வந்தால் சித்தப்பா வாட்ஸ்அப்பில் ஒரு பவுடர் விளம்பரம் அனுப்பியிருக்கிறார். ‘கிருமிகளின் பேச்சைத் துண்டிக்கும்’, டப்பா 1,450 ரூபாய். டாக்டர் சொன்ன அதே வார்த்தை இதிலும் இருப்பதால் குழப்பமாகிவிட்டது. கிருமி பேசுமா? பேசினால் அதை நிறுத்த முடியுமா?

சந்தேகசாமி, நெல்லிக்குப்பம்

பேசும். பவுடர் விற்கிறவர் காதுக்கு மட்டும் கேட்கும். அந்த 1,450 ரூபாய்க்கு அப்பாவுக்கு நல்ல செருப்பாக வாங்கிக் கொடுங்கள்.

நுண்ணோக்கி, புதுச்சேரி

செருப்பு யோசனை நல்ல யோசனை. ஆனால் பேச்சு என்பது விளம்பரக்காரர் கட்டிய கதை இல்லை சார். நான் ஆய்வகத்தில் கல்ச்சர் தட்டுகளோடு பத்து வருடமாகக் குடித்தனம் நடத்துகிறவன், கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இங்கே பேச்சு என்பது வேதிப்பொருள். பாக்டீரியா ஒவ்வொன்றும் ஒரு சின்ன மூலக்கூறைச் செய்து வெளியே விட்டுக்கொண்டே இருக்கும். தனியாளாக இருக்கும்போது அது தண்ணீரில் கரைந்து காணாமல் போய்விடும். சுற்றிலும் சொந்தபந்தம் பெருகப் பெருக அந்தப் பொருளின் அடர்த்தி ஏறும். ஒரு வரம்பைத் தாண்டியதும் அது செல்லுக்குள்ளேயோ செல்லின் மேற்பரப்பிலோ இருக்கும் ஏற்பியில் போய் ஒட்டும். உடனே அத்தனை பேரும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் சில ஜீன்களை முடுக்குவார்கள், சிலவற்றை அணைப்பார்கள். கிராமசபையில் ஆள் எண்ணிக்கை சேரும் வரை தீர்மானம் போட முடியாது அல்லவா, அதே கணக்கு. 1994-இல் இதற்கு ‘கோரம் சென்சிங்’ என்றே பெயர் வைத்தார்கள். நம் அரசு ஆணைகளில் கோரத்தைக் குறைவெண் வரம்பு என்று எழுதுவார்கள். நான் கோரம் என்றே சொல்கிறேன், வாயில் சீக்கிரம் வருகிறது.

விஷயம் அதற்கும் பழையது. நிமோனியா உண்டாக்கும் நிமோகாக்கஸ், ஹார்மோன் போன்ற ஒரு பொருளை வெளியேவிட்டுத் தன் கூட்டத்தையே மாற்றுகிறது என்று அலெக்சாண்டர் டோமாஸ் 1965-இல் எழுதினார். 1970-இல் நீல்சன், பிளாட், ஹேஸ்டிங்ஸ் மூவரும் ஒளிவிடும் கடல் பாக்டீரியாவில் இதையே பார்த்தார்கள். குடுவையில் கிருமி பெருகிக்கொண்டே போகிறது, வெளிச்சம் மட்டும் ஏறவில்லை. கூட்டம் ஓரளவு சேர்ந்த பிறகு திடீரென்று ஏறுகிறது. அப்போது இதை நம்பியவர்கள் குறைவு. ஒரு செல் உயிரிக்கு என்ன சமூக வாழ்க்கை என்ற அலட்சியம்தான் காரணம் என்பது என் எண்ணம்.

இப்போது உங்கள் அப்பா கால். சூடோமோனாஸுக்கு இப்படி மூன்று பேச்சு உண்டு. இரண்டு, அசைல் ஹோமோசெரின் லாக்டோன் என்ற வகை. மூன்றாவது குயினோலோன் வகை. கோரம் கூடியதும் அது புரதத்தைக் கரைக்கும் நொதிகளை விடும். நம் வெள்ளை அணுக்களையே உடைக்கும் ராம்னோலிப்பிடு என்ற சோப்பு மாதிரியான பொருளை விடும். பயோசயனின் என்ற நீலப்பச்சை நிறமியையும் விடும். சூடோமோனாஸ் புண்ணில் பஞ்சு பச்சையாவது இந்த பயோசயனினும், பயோவெர்டின் என்ற மஞ்சள்பச்சை நிறமியும் சேர்ந்துதான். ஆக நீங்கள் தினமும் காலையில் குப்பையில் போடுகிற அந்தப் பஞ்சு, கோரம் கூடிவிட்டதற்கான மினிட்ஸ் புத்தகம் மாதிரி.

படலம் என்று டாக்டர் சொன்னது பயோஃபிலிம். வீட்டுத் தண்ணீர்த் தொட்டியின் உள்பக்கம் வழவழ என்று இருக்குமே, அதன் உறவுக்காரன். கிருமிகள் தாங்களே கக்கிய கோந்துக்குள் உட்கார்ந்திருக்கும். நாங்கள் ஆய்வகத்தில் மருந்து கேட்குமா என்று பார்ப்பது, தட்டில் புதிதாகப் பரப்பிய, இன்னும் கோந்து கட்டாத கிருமியை வைத்து. புண்ணில் இருப்பது அப்படியா? அதே கிருமி படலத்துக்குள் போய்விட்டால் நூறு மடங்கு மருந்தைக்கூடத் தாங்கிக்கொள்ளும். தாளில் போட்டதும் பொய் இல்லை, நீங்கள் பார்ப்பதும் பொய் இல்லை.

கிள்ளை இறால்காரன்

நுண்ணோக்கி சார் சொன்ன வெளிச்சத்தை நான் கண்ணால் பார்த்தவன். அப்போது ஒரு குஞ்சு பொரிப்பகத்தில் ராத்திரி ஷிஃப்ட் வேலை. டைகர் இறால் காலம். கரண்ட் போய் ஜெனரேட்டர் போடுவதற்குள் ஒரு ஐந்து நிமிடம் கும்மிருட்டு. தொட்டிக்குள் பார்த்தால் குஞ்சுகள் நீலப்பச்சையாக மினுமினு என்று மிதக்கின்றன. புதுப் பையன் ஒருவன், “அண்ணே, சூப்பரா இருக்குண்ணே” என்று கைதட்டினான். மேனேஜர் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். இரண்டு நாளில் அந்தத் தொட்டி காலி. மொத்தமாக ப்ளீச்சிங் போட்டுக் கொட்டினோம்.

பிறகு பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் மையத்தில் ஒரு பயிற்சிக்குப் போனபோதுதான் அது விப்ரியோ ஹார்வேயி என்று சொன்னார்கள். நாலு கிருமி இருந்தால் எரியாது, கூட்டம் சேர்ந்தால்தான் விளக்கு எரியும் என்றார்கள். விளக்கைப் பார்க்கும்போது நீ ஏற்கெனவே லேட் என்று அர்த்தமாம்.

கெடிலக்கரை, கடலூர்

அண்ணா, சில வருடம் கடற்கரையில் ராத்திரி அலை நீலமாக ஒளிர்கிறது என்று வீடியோ வருமே, அதுவும் இதேதானா? தேவனாம்பட்டினத்தில் ஒருமுறை பார்க்கப் போய் கொசுக்கடியோடு திரும்பி வந்தோம்.

நுண்ணோக்கி, புதுச்சேரி

அது வேறு. அலையில் ஒளிர்வது பெரும்பாலும் நாக்டிலுகா மாதிரியான ஒரு செல் மிதவை உயிரி, பாக்டீரியா இல்லை. தண்ணீர் அதைத் தட்டினால் எரியும், அதற்குக் கோரம் தேவையில்லை. அதனால்தான் அலை உடையும் இடத்தில் மட்டும் பளிச் என்று தெரிகிறது. இறால்காரர் சொன்ன தொட்டி யாரும் தட்டாமலே எரிந்துகொண்டிருக்கும். அந்த விப்ரியோ ஹார்வேயியை வைத்துத்தான் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் போனி பாஸ்லர் இந்தத் துறையையே வளர்த்தார். பல இனங்களுக்குப் பொதுவான ஏ.ஐ.-2 என்ற சைகைப் பொருளின் வடிவத்தை 2002-இல் அவருடைய குழுவினர் கண்டபோது நடுவே போரான் இருந்தது. உயிரினங்களில் போரானுக்கு வேலை இருப்பது அபூர்வம்.

சந்தேகசாமி, நெல்லிக்குப்பம்

சரி, கிருமிக்குக் கிருமி பேசுகிறது என்று ஒப்புக்கொள்கிறேன். இறால்காரர் கண்ணால் பார்த்ததாகச் சொன்ன பிறகு நான் என்ன சொல்ல. ஆனால் அவர்கள் வீட்டுப் பேச்சு நம் உடம்புக்கு எப்படித் தெரியும்? அதற்கு விடை சொல்லுங்கள்.

நுண்ணோக்கி, புதுச்சேரி

நம் உடம்பு ஒட்டுக்கேட்கிறது. எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

கல்லூரியில் விலங்கியல் படித்தவர்களுக்கு பி.டி.சி. தாள் நினைவிருக்கும். ஒரு சின்னக் காகிதத் துண்டை நாக்கில் வைத்தால் வகுப்பில் பாதிப் பேர் முகம் சுளிப்பார்கள், மீதிப் பேர் ‘வெறும் காகிதம்’ என்பார்கள். அந்தக் கசப்பை உணர்வது டி2ஆர்38 என்ற ஏற்பி. நாக்கில் மட்டும் இருக்கும் என்று நினைத்திருந்த அது மூக்கின் உள்தோலிலும் இருக்கிறது. அங்கே அதற்குச் சமையல் ருசி எதுவும் கிடைப்பதில்லை. சூடோமோனாஸ் விடும் அசைல் ஹோமோசெரின் லாக்டோன் பட்டால் அது விழித்துக்கொள்ளும். அந்தச் செல்கள் நைட்ரிக் ஆக்சைடு விடும், அவற்றின் மேலிருக்கும் மயிர் போன்ற குறுயிழைகள் வேகமாக அடித்துச் சளியை வெளியே தள்ளும். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் 2012-இல் இதைக் காட்டினார்கள். பி.டி.சி. கசக்காதவர்களின் செல்களில் இந்தப் பதில் மந்தமாக இருந்தது. சைனஸ் தொல்லையில் சிலருக்கு ஏன் கூடுதல் பாடு என்பதற்கு இது ஒரு பகுதி விளக்கம்.

எதிர்த்திசையிலும் ஒட்டுக்கேட்பு உண்டு. ரத்தப் பேதி உண்டாக்கும் ஈ.கோலை ஓ157, நம் அட்ரீனலினையும் நார் அட்ரீனலினையும் உணரும். அதன் கியூஎஸ்இசி என்ற ஏற்பியால் அதைக் கண்டு, குடலில் ஒட்டிக்கொள்ளும் கருவிகளை முடுக்கும். நாம் பதறுவது அதற்கும் தெரிகிறது.

அப்புறம் இன்னொன்று. சூடோமோனாஸின் அந்த லாக்டோன் நம் செல்லின் சவ்வைத் தாண்டி உள்ளே போய், அழற்சியைத் தூண்டும் முக்கியக் கண்ணியான என்.எஃப்.-கப்பா-பி-யை அடக்குகிறது என்றும் பார்த்திருக்கிறார்கள். வீட்டுக்காரனைத் தூங்கவைத்துவிட்டுத் திருடுகிற வேலை. நம் பக்கத்திலும் பாராக்சனேஸ் என்ற நொதிகள் இருக்கின்றன, அந்த லாக்டோன் வளையத்தை உடைத்துப் போடும்.

பண்ருட்டிப் பலா

அப்படியானால் பாகற்காய் சாப்பிட்டால் சைனஸ் போகும். எங்கள் ஆயா அன்றே சொன்னது.

நுண்ணோக்கி, புதுச்சேரி

ஆயா மன்னிக்க வேண்டும். கசப்புக்கு நமக்கு 25 வகை ஏற்பிகள். டி2ஆர்38 பிடிப்பது பி.டி.சி. மாதிரியும், முட்டைக்கோஸ், கடுகு இனத்தில் இருக்கிற மாதிரியுமான கசப்பை. தவிர, வாயில் போட்டது மூக்குத் தோலுக்குப் போய் வேலை செய்யாது. பாகற்காயைப் பாகற்காய்க்காகச் சாப்பிடுங்கள்.

பண்ருட்டிப் பலா

பூண்டு? மஞ்சள்? அதற்கெல்லாம் ஆராய்ச்சி இருப்பதாகப் பவுடர் விளம்பரத்திலேயே போட்டிருப்பார்கள்.

நுண்ணோக்கி, புதுச்சேரி

இருக்கிறது, அதுதான் சிக்கலே. பூண்டில் இருக்கும் அஜோயீன் என்ற கந்தகச் சேர்மம் சூடோமோனாஸின் கோரத்தைத் தட்டிலும் எலியிலும் குலைக்கிறது. ஆனால் நுரையீரலில் சூடோமோனாஸ் குடியேறிய சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற பரம்பரை நோய் உள்ளவர்களுக்குப் பூண்டு மாத்திரை கொடுத்துப் பார்த்த சிறிய சோதனையில் சொல்லும்படியான பலன் இல்லை. மஞ்சளின் குர்குமினும் தட்டில் கெட்டிக்காரன், ஆனால் நாம் விழுங்கினால் ரத்தத்துக்குப் போய்ச் சேருவது மிகச் சொற்பம். தட்டிலிருந்து கால் வரை தூரம் அதிகம்.

கோரிமேடு அக்கா, புதுச்சேரி

நான் நர்ஸ், 22 வருட சர்வீஸ். கெடிலக்கரை தங்கச்சி, முதலில் காலைப் பார்ப்போம், மற்ற கதை அப்புறம்.

படலத்துக்கு இன்றுவரை சிறந்த மருந்து கத்திதான். செத்த தசையையும் அந்த வழவழப்பையும் சுரண்டி எடுக்க வேண்டும், ஒரு தடவை எடுத்துவிட்டு விடக்கூடாது. ஒன்றிரண்டு நாளிலேயே மறுபடி படலம் கட்ட ஆரம்பிக்கும், அந்த இடைவெளியில்தான் மருந்து உள்ளே போகும். ஊசியைப் பத்து நாள் போட்டார்கள் என்றீர்கள், சுத்தம் செய்தார்களா என்று எழுதவில்லையே? காலுக்கு ரத்த ஓட்டம் இருக்கிறதா என்று டாப்ளர் பார்த்தார்களா? எலும்பு வரை போயிருக்கிறதா என்று எக்ஸ்ரே? நடக்கும்போது அந்த இடத்தில் எடை விழாமல் இருக்க என்ன செய்கிறார்? சந்தேகசாமி சார் கிண்டலாகச் சொன்னாலும் எம்.சி.ஆர். என்ற மெத்தென்ற ரப்பர் செருப்பு விஷயம் நிஜம். ஆனால் திறந்த புண் இருக்கும்போது செருப்பு மட்டும் போதாது, எடையை முழுதாக மாற்றும் ஏற்பாடு வேண்டும். சிவப்பு மேலே ஏறினாலோ, கால் கறுத்தாலோ, மறுபடி காய்ச்சல் வந்தாலோ அன்றே போய்விடுங்கள், மறுநாள் காலைக்கு என்று வைக்காதீர்கள்.

கெடிலக்கரை, கடலூர்

அக்கா, சுரண்டி எடுக்கவே இல்லை. மேலே மருந்து வைத்துக் கட்டுவது மட்டும்தான். டாப்ளரும் பார்க்கவில்லை. நாங்களும் கேட்கவில்லை, கேட்கத் தெரியவில்லை. அப்பா குதிகாலால் நடந்து சமாளிக்கிறார், சொன்னாலும் வாசலில் போய் நின்று பால்காரரிடம் கதை பேசாமல் இருக்க மாட்டார்.

சந்தேகசாமி, நெல்லிக்குப்பம்

அந்தக் கோரத்தை யாராலும் கலைக்க முடியாது.

ஒரு சந்தேகம். பவுடரை விடுங்கள். நிஜமாகவே பேச்சைத் துண்டிக்கும் மருந்து ஒன்று வந்தால் அது நல்லதுதானே? கிருமியைக் கொல்லாமல் வாயை மட்டும் கட்டுகிறோம், அதனால் மருந்தை எதிர்க்கிற கிருமி உருவாவதும் குறையும் என்று எங்கோ படித்தேன்.

நுண்ணோக்கி, புதுச்சேரி

எல்லோரும் அப்படித்தான் ஆரம்பித்தார்கள். எனக்கும் படிக்கும் காலத்தில் அந்த மயக்கம் இருந்தது. ஆஸ்திரேலியக் கடலில் டெலிசியா புல்க்ரா என்று ஒரு சிவப்புப் பாசி, தன்மேல் கிருமி படலம் கட்டாமல் இருக்க ஃபியூரனோன் என்ற பொருளால் இந்தப் பேச்சைக் கெடுக்கிறது. பாசியே செய்கிறது, நாம் செய்ய மாட்டோமா என்று கிளம்பினார்கள். அந்த ஃபியூரனோன்களில் பலவும் மனிதருக்குக் கொடுக்க முடியாத அளவு நச்சு.

நச்சுத்தன்மையைச் சரிசெய்துவிட்டாலும் ஒரு முடிச்சு பாக்கி இருக்கிறது. கோரம் கூடினால் எல்லாக் கிருமியும் ஒரே தீர்மானம் போடுவதில்லை.

ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸை எடுத்துக்கொள்ளுங்கள், சீழ்க்கட்டிக்காரன். அதன் பேச்சு சின்னப் புரதத் துண்டு, ஏ.ஜி.ஆர். என்ற ஏற்பாடு. கோரம் கூடினால் நஞ்சு விடும், கூடவே படலத்தைக் கரைத்துக்கொண்டு வெளியே பரவும். நீங்கள் அந்த வாயைக் கட்டினால் நஞ்சு குறையும், படலம் தடிக்கும். சருமத்தில் எக்ஸிமா இருப்பவருக்கு நஞ்சு குறைவது லாபம். செயற்கை மூட்டு பொருத்தியவருக்குப் படலம் தடிப்பது பெரிய நஷ்டம்.

சூடோமோனாஸ் இன்னும் வில்லங்கம். நாள்பட்ட தொற்றில் அது தன் லாஸ்ஆர் என்ற முக்கிய ஏற்பியைத் தானே இழந்துவிடுவது அடிக்கடி நடக்கிறது. ஏற்கெனவே செவிடானவனிடம் பேச்சைத் துண்டித்து என்ன பயன்?

கோரிமேடு அக்கா, புதுச்சேரி

காலராவையும் சொல்லுங்கள் தம்பி. 2022 ஜூலையில் காரைக்காலில் வயிற்றுப்போக்கு பரவிச் சுகாதார அவசரநிலை அறிவித்தார்களே, அப்போது எங்களுக்கு ஒரு வகுப்பு எடுத்தார்கள். காலரா கிருமிக்கு எல்லாமே தலைகீழ் என்றார்கள். பாதி புரிந்தது, பாதி டீ வந்துவிட்டது.

நுண்ணோக்கி, புதுச்சேரி

டீக்கு அப்புறம் நடந்ததை நான் சொல்கிறேன் அக்கா. விப்ரியோ காலரே ஆள் குறைவாக இருக்கும்போதுதான் நஞ்சு விடும், குடலில் ஒட்டும், படலம் கட்டும். கூட்டம் பெருகிக் கோரம் கூடியதும் ஹாப்ஆர் என்ற புரதம் அதையெல்லாம் அணைத்துவிடும். போதும், கிளம்பலாம் என்று பேதியோடு வெளியேறி அடுத்த ஆளைத் தேடும். அங்கே போய்ப் பேச்சைத் துண்டித்தால் அது கிளம்பாமல் நஞ்சு விட்டுக்கொண்டே இருக்கும். காலராவுக்குப் பேச்சைக் கூட்ட வேண்டும்.

கூட்டியும் பார்த்திருக்கிறார்கள். காலரா கிருமியின் சொந்தச் சைகையான சி.ஏ.ஐ.-1-ஐச் செய்யும்படி மாற்றிய ஈ.கோலையை எலிக்குட்டிகளுக்கு முன்கூட்டியே கொடுத்தபோது நிறையக் குட்டிகள் பிழைத்தன. 2010-இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் செய்தது. மனிதரிடம் இயற்கையாக நடப்பதற்கும் தடயம் உண்டு. டாக்காவில் காலராவிலிருந்து தேறிவந்தவர்களின் குடல் கிருமிகளைத் தொடர்ந்து பார்த்ததில், ரூமினோகாக்கஸ் ஓபியம் என்ற சாதுவான குடல் பாக்டீரியா கண்ணில் பட்டது. அதை எலியில் வைத்துப் பார்த்தால் காலரா கிருமி குடியேறுவது குறைகிறது, ஏ.ஐ.-2 சைகை வழியாக. 2014-இல் வந்த ஆய்வு.

ஆக, எந்தக் கிருமி, எந்த இடம், எந்தக் கட்டம் என்று பார்க்காமல் ‘கிருமிகளின் பேச்சைத் துண்டிக்கும்’ என்று டப்பாவில் அச்சடிக்கிறவருக்குத் தான் எதை விற்கிறோம் என்றே தெரியவில்லை.

கிள்ளை இறால்காரன்

எங்கள் குட்டையில் ஊற்றுகிற புரோபயாட்டிக்கும் அப்படியா? வெல்லப்பாகும் தவிடும் போட்டு ஒரு ராத்திரி ஊறவைத்து ஊற்றுகிறோம், பேசிலஸ் என்று பாக்கெட்டில் இருக்கும். சில சமயம் வேலை செய்கிறது, சில சமயம் காசு தண்ணீரில்.

நுண்ணோக்கி, புதுச்சேரி

பேசிலஸில் விஷயம் இருக்கிறது. சில பேசிலஸ் இனங்கள் லாக்டோனை உடைக்கும் நொதியைச் செய்கின்றன, 2000-ஆம் ஆண்டு சிங்கப்பூரில் கண்டுபிடித்தார்கள். இறால் குஞ்சுத் தொட்டியிலேயே இந்த வழியைச் சோதிக்கும் வேலை பெல்ஜியத்தின் கென்ட் பல்கலைக்கழகத்தில் நிறைய நடந்திருக்கிறது. உங்கள் பாக்கெட்டில் இருப்பது அந்த இனமா, உயிரோடு இருக்கிறதா என்பது வேறு கேள்வி.

மனிதரிடமும் பேசிலஸுக்கு ஒரு நல்ல கதை உண்டு. தாய்லாந்துக் கிராமங்களில் 200 பேரைப் பார்த்தார்கள். குடலில் பேசிலஸ் இருந்தவர் ஒருவரிடம்கூட ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸ் இல்லை. பேசிலஸ் விடும் ஃபெங்கைசின் என்ற பொருள் ஆரியஸின் ஏ.ஜி.ஆர். பேச்சை அடைத்துவிடுகிறது. இது 2018. பிறகு 2023-இல் வந்த சோதனையில் தினமும் பேசிலஸ் சப்டிலிஸ் ஒரு மாதம் கொடுத்ததில் மலத்தில் ஆரியஸ் எண்ணிக்கை 95 விழுக்காட்டுக்கு மேல் குறைந்தது, மூக்கிலும் பாதிக்கு மேல் குறைந்தது. குடியிருப்பது குறைந்தது என்றுதான் சொன்னார்கள், புண் ஆறியது என்று யாரும் சொல்லவில்லை. அதுவும் ஆரியஸுக்கு. அப்பா காலில் இருப்பது சூடோமோனாஸ்.

பண்ருட்டிப் பலா

பழைய சோறு, மோர்? கடைசியாக ஒரு கேள்வி, இதற்கும் இல்லை என்று சொன்னால் நான் இழையை விட்டே போகிறேன்.

நுண்ணோக்கி, புதுச்சேரி

போகாதீர்கள், இதற்கு ஒன்று தருகிறேன். தயிரில் வளரும் லாக்டோகாக்கஸ் லாக்டிஸின் சில ரகங்கள் நிசின் என்ற பொருளைச் செய்யும். மற்றக் கிருமிகளைக் கொல்லும் ஆயுதமும் அதுதான், தன் கூட்டத்துக்கு ‘இன்னும் செய்யுங்கள்’ என்று சொல்லும் சைகையும் அதுதான். உணவு கெடாமல் இருக்க உலகம் முழுக்கச் சேர்க்கிறார்கள். உங்கள் வீட்டு உறையில் அந்த ரகம் இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது, மோர் நன்றாக இருந்தால் குடியுங்கள். புண்ணில் ஊற்றாமல் இருந்தால் போதும்.

கெடிலக்கரை, கடலூர்

பன்னிரண்டு நாள் கழித்து எழுதுகிறேன். கோரிமேடு அக்கா கேட்ட கேள்விகளை ஒரு தாளில் எழுதிக்கொண்டு வேறொரு ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாப்ளரில் ரத்த ஓட்டம் பரவாயில்லை என்றார்கள். எலும்பில் எதுவும் இல்லை. வாரம் இரண்டு முறை சுரண்டிச் சுத்தம் செய்கிறார்கள், முதல் தடவை அப்பா பல்லைக் கடித்துக்கொண்டு முழு தேசிய கீதமும் பாடினார். காலுக்கு மாவுக்கட்டு மாதிரி ஒன்று போட்டு எடையை மாற்றியிருக்கிறார்கள். நேற்றுப் பஞ்சில் பச்சை இல்லை, வெறும் மஞ்சள் நீர். புண் இன்னும் இருக்கிறது, ஓரம் மட்டும் இளஞ்சிவப்பாகத் தெரிகிறது. சித்தப்பா பவுடரை ஏற்கெனவே வாங்கிவிட்டார், அவரே சாப்பிடுகிறார்.

கோரிமேடு அக்கா, புதுச்சேரி

ஓரம் இளஞ்சிவப்பு நல்ல செய்தி. கட்டு மாற்றும் நாளைத் தள்ளிப் போடாதீர்கள். பால்காரரை வீட்டுக்குள் வரச் சொல்லிவிடுங்கள்.

கிள்ளை இறால்காரன்

சந்தோஷம் அக்கா. நான் நேற்றுதான் புதுக் குஞ்சு விட்டிருக்கிறேன், வனாமி இறால். இன்று ராத்திரி பத்து மணிக்கு டார்ச்சை அணைத்துவிட்டு குட்டைக்கரையில் கால்மணி நேரம் உட்கார்ந்து பார்த்தேன். ஒரே இருட்டு.